சாமுவேல் பேக்கர்

சாமுவேல் வைட் பேக்கர் (ஜூன் 8, 1821 – டிசம்பர் 30, 1893) ஆங்கிலேய வேட்டையாளரும் நாடுகாண் பயணியும் எழுத்தாளரும் ஆவார். நைல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அல்பேர்ட் ஏரியை 1864 ஆம் ஆண்டில் கண்டு ஐரோப்பியருக்கு அறிவித்தவர் என்றே உலகம் இவரைப் பெரிதும் அறியும். அதற்கு முன்னர் எட்டு ஆண்டுகள் இலங்கையின் மலைநாட்டில் வாழ்ந்தார். குழல் வாயின் வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகளைக் கொண்டு யானை, காட்டெருமை, மரை, கரடி ஆகியவற்றை வேட்டையாடினார். அந்த வேட்டைகளைப் பற்றி இவர் எழுதிய நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கைக் காடுகளின் நிலையை அறிய உதவும் முதன்மையான ஆவணங்களுள் அடங்கும். அக்காடுகள் எவ்வாறு வெறுமையாயின என்பதற்கும் அவையே சான்று.

இளமை

பேக்கர் இலண்டனில் செல்வம் மிக்க வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் சாமுவேல் பேக்கர். அவருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள யமேக்காவிலும் இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரிசியசிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. உடன்பிறந்தவர்களுள் ஜோன் பேக்கரும் பிற்காலத்தில் படைத்தலைவராகப் புகழ்பெற்ற வலன்டைன் பேக்கரும் இக்கட்டுரைக்குத் தொடர்புடையவர்கள். சாமுவேல் இங்கிலாந்தின் சில பள்ளிகளில் பயின்றபின் ஜெர்மனியின் பிராங்போர்ட் நகரில் கல்வியை நிறைவு செய்தார். தந்தையின் அலுவலகத்தில் அமர்ந்து கணக்கு எழுதும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை.

ஆகஸ்ட் 3, 1843 அன்று குளொஸ்டர்சயரில் உள்ள மெயிஸ்மோர் என்ற ஊரின் மதகுருவான மார்ட்டின் என்பவரின் மகள் ஹென்றியேட்டாவை மணந்தார். அதே நாளில் ஹென்றியேட்டாவின் தமக்கை அல்லது தங்கை முறையான எலிசாவை ஜோன் மணந்தார். திருமணத்துக்குப் பின் இரு குடும்பங்களும் மொரிசியசுத் தோட்டத்தைக் கவனிக்கச் சென்றன. அங்கும் பேக்கர் நீண்ட காலம் தங்கவில்லை. இலங்கையில் யானை வேட்டைக்குக் குறைவில்லை என்று கேள்விப்பட்டு 1846 இல் அத்தீவுக்கு வந்து சேர்ந்தார்.

பிரிஸ்டல் துப்பாக்கி

பேக்கரின் வேட்டை வாழ்வைப் புரிந்துகொள்ள அவருடைய துப்பாக்கிகளை அறிவது தேவை. தமக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, 1840 இல், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் துப்பாக்கி செய்பவரிடம் தம் திட்டப்படி ஒரு துப்பாக்கியைச் செய்யச் சொன்னார். அதன் எடை 21 இறாத்தல், அதாவது ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோகிராம். குழலின் நீளம் 36 அங்குலம். வட்டக் குண்டாயின் 3 அவுன்சும் கூம்புக் குண்டாயின் 4 அவுன்சும் எடை கொண்டது. ஒரு முறை சுடுவதற்கு 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ் வெடிமருந்து இடப்பட்டது. அக்காலத்தில் ஒரு படைவீரனின் துப்பாக்கிக்கு இட்ட மருந்தைப் போல் இது பல மடங்கு ஆகும்.

இவ்வகைத் துப்பாக்கியைச் சுடுவதற்கு ஆயத்தம் செய்வது எளிதன்று. முதலில் அளந்த வெடிமருந்தைக் குழலின் வாயில் கொட்ட வேண்டும். பின்னர் எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றிய ஈயக்குண்டை வாயில் வைத்து, நீண்ட கோலால் அடிவரை இடித்துத் திணிக்க வேண்டும். குழலின் உட்புறத்தில் திருகாகச் செல்லும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து நேராகப் போக்கும். ஆனால் அதே பள்ளங்களால் குண்டு இறுக்கமாக இருக்கும். எனவே திணிப்பதற்கு வலுவும் நேரமும் வேண்டும். இறுதியாகக் குழலின் அடியிலுள்ள முளையின்மேல் செம்பாலான சிறு வெடித்தொப்பியைப் பொருத்த வேண்டும். விசையை இழுத்தால் சுத்தியல் அதன்மேல் விழும்; தொப்பி தீப்பொறியை உள்ளே அனுப்பும். தேர்ந்த கைக்கும் இவையெல்லாம் முடிய அரை நிமிடமளவு ஆகும். சுட்டவுடன் எழும் வெண்புகை விலங்கை மறைத்துவிடும். குண்டு பட்டதா, விலங்கு ஓடுகிறதா, தன்னை நோக்கி வருகிறதா என்பது புகை கலைந்த பின்னரே தெரியும். மழையில் நனைந்தால் மருந்து பற்றாமலும் போகலாம்.

இக்குறையை ஈடுசெய்யப் பேக்கர் பல துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் நிரப்பி எடுத்துச் சென்றார். இலங்கையில் அவரிடம் 21 இறாத்தல் எடையுள்ள ஒற்றைக்குழல் ஒன்றும், 16 இறாத்தல் எடையுள்ள நீண்ட ஒற்றைக்குழல் ஒன்றும், ஒவ்வொன்றும் 15 இறாத்தல் எடையுள்ள இரட்டைக்குழல் நான்கும் இருந்தன. இவற்றை அவருக்குப் பின்னால் உள்ளூர்த் துணையாட்கள் சுமந்து சென்றனர். ஒன்றைச் சுட்டதும் அடுத்ததை அவர் கையில் கொடுப்பது அவர்களுடைய பணி. யானை பாய்ந்து வரும்போது நிரப்பிய துப்பாக்கியோடு ஓடாமல் நிற்பது சுடுபவனின் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. தன் கையில் சுடும் உரிமையோ திறனோ இல்லாத ஒருவர் அவ்வாறு நிற்க வேண்டியிருந்தது. வேட்டை நூல்களில் வேட்டையாளரின் பெயரே பெரிதாக நிற்கிறது. துப்பாக்கி சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பெயரின்றிப் போயினர்.

நுவரெலியாக் குடியேற்றம்

இலங்கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே தாழ்நிலக் காடுகளில் பேக்கருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. உடல் தேற அவர் மலைநாட்டில் உள்ள நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடிக்கு மேல் அமைந்த அவ்வூர், ஆளுநர் எட்வர்ட் பார்ன்சு காலத்திலிருந்து ஐரோப்பியர் உடல்நலம் தேடிச் செல்லும் இடமாக இருந்தது. குளிர்ந்த காற்றில் சில வாரங்களில் நலம் பெற்ற பேக்கருக்கு, அங்கு இங்கிலாந்தின் ஊர் ஒன்றை அப்படியே நிறுவலாம் என்ற எண்ணம் தோன்றியது.

இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்று ஆயத்தங்கள் செய்தார். அரசிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு இருபது சில்லிங் விலையில் 1,000 ஏக்கர் நிலம் வாங்கினார். 1848 இல் குடும்பத்தாரும் பண்ணை மேற்பார்வையாளரும் கொல்லரும் பிற பணியாளரும் அடங்கிய குழு கப்பலேறியது. உயர் இனக் காளையும் பசுவும், ஆடுகளும், வேட்டை நாய்களும், வேளாண் கருவிகளும் உடன் வந்தன. சகோதரர்களான ஜோனும் வலன்டைனும் இம்முயற்சியில் பங்குகொண்டனர். வலன்டைனுக்குப் பண்ணை வாழ்வு பிடிக்காமல் போகவே அவர் விரைவில் படையில் சேர்ந்துகொண்டார்.

தொடக்கம் பெருந்தோல்வியாகவே அமைந்தது. காட்டை வெட்டித் திருத்திய நிலம் பார்வைக்குக் கறுத்து வளமாகத் தோன்றினும் உண்மையில் சத்துக் குறைந்தது. விதைத்த ஓட்ஸ் பயிரை இரவில் மரைகளும் காட்டுப்பன்றிகளும் தின்று தீர்த்தன. உருளைக்கிழங்கைப் புழுக்கள் அழித்தன. கொண்டுவந்த ஆடுமாடுகளும் குதிரைகளும் பல மடிந்தன. பணியாள் ஒருவன் குடிபோதையில் மலைப்பாதையில் ஓட்டி வேலை யானை ஒன்றையே சாகடித்தான். இத்தனைக்குப் பின்னரும் பேக்கர் பின்வாங்கவில்லை. எருவிட்டு மண்ணைத் திருத்திச் சில ஆண்டுகளில் பண்ணையை நிலைநிறுத்தினார். மகாகஸ்தோட்டைத் தோட்டம் என்ற பெயரில் அது அறியப்பட்டது. இன்று நுவரெலியாவைச் சுற்றிக் காணப்படும் மரக்கறிப் பயிர்ச்செய்கையின் முன்னோடிகளுள் ஒருவராக இவரைக் கருதலாம்.

இதே ஆண்டுகளில் மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோப்பித் தோட்ட வேலைக்காக மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்து வந்துகொண்டிருந்தனர். பேக்கர் வேட்டைக்காக விரும்பிச் சென்ற அதே வகைக் காடுகளில் அவர்கள் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே இறந்தனர். பேக்கரின் நூல்களில் இம்மக்கள் பெரும்பாலும் சுமைகூலிகளாகவே தோன்றுகின்றனர். தமிழரையும் சிங்களவரையும் பற்றி அவர் கூறும் பொதுக்கருத்துகளில் அக்கால ஆங்கிலேயரின் இனச்செருக்கு வெளிப்படையாகவே தெரிகிறது.

இலங்கையில் வேட்டை

மலைநாட்டில் பேக்கரின் முதன்மையான வேட்டை மரை வேட்டையாகும். இலங்கைத் தமிழில் மரை எனப்படும் இவ்விலங்கைத் தமிழகத்தின் தென்காசி, குற்றாலப் பகுதியினர் மிளா என்பர். கடமான் என்ற பெயரும் உண்டு. ஆங்கிலேயர் இதனை வட ஐரோப்பாவின் பெருமானின் பெயரால் பிழையாக அழைத்து வந்தனர். பேக்கரும் தம் நூலில் அப்பிழையையே கையாண்டுள்ளார். மரை வேட்டையில் அவர் துப்பாக்கியைப் பயன்படுத்துவதைத் தவிர்த்தார். நாய்கள் விரட்டிச் சென்று ஓடையிலோ பாறையிலோ மறித்து நிறுத்தும் விலங்கைக் கத்தியால் குத்திக் கொல்வதே முறை. ஹோட்டன் சமவெளியின் புல்வெளிகளிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் இவ்வேட்டை நிகழ்ந்தது. இதில் அவருடைய சிறந்த நாய்கள் பல மரையின் கொம்பாலும் சிறுத்தையாலும் காட்டுப்பன்றியாலும் மடிந்தன.

தாழ்நிலத்தில் துப்பாக்கியே துணை. மின்னேரி என்னும் பழைய ஏரிக்கரையில் காட்டெருமைகளை வேட்டையாடியபோது நிகழ்ந்த ஒன்றை அவர் எழுதியுள்ளார். காயம்பட்ட எருமை ஒன்று எதிரே நிற்க, அவரிடம் குண்டுகள் தீர்ந்துவிட்டன. மருந்து மட்டும் மீதமிருந்தது. தம்மிடமிருந்த சில்லறை வெள்ளி நாணயங்களைத் துணித்துண்டில் சுருட்டிக் குழலுக்குள் திணித்து, எருமை மிக நெருங்கி வரும்வரை காத்திருந்து நெற்றியில் சுட்டார். எருமை இறக்கவில்லை, ஆனால் நிலைகுலைந்து விழுந்ததால் அவரும் உடன் வந்தவரும் தப்பினர். வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் மட்டுமே இத்தகைய செயல் இயலும். பிற்காலத் தோட்டாத் துப்பாக்கியாக இருந்திருந்தால் அவர் கையில் இருந்தது வெறும் தடியே.

யானையை அவர் மிக அருகில், பெரும்பாலும் சில அடிகள் முதல் பதினைந்து இருபது அடிகள் வரையிலான தொலைவில் சுட்டார். ஆசிய யானையின் நெற்றியில் குறிப்பிட்ட இடத்தில் குண்டு பாய்ந்தால் மூளையை எட்டும். பின்னாளில் ஆபிரிக்காவில் இம்முறையைக் கையாண்டபோது அது பயனற்றுப் போயிற்று. ஆபிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பு வேறானது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்து எழுதினார். கிழக்கு மாகாணத்தில் யானை பிடிக்கும் முஸ்லிம்கள் வெறும் தோற்கயிற்றுடன் காட்டு யானையின் பின்னால் சென்று காலில் சுருக்கிட்டு மரத்தில் கட்டும் திறனை அவர் நேரில் கண்டு வியந்தார். உள்ளூர் மக்களைப் பற்றி அவர் மனம் திறந்து பாராட்டும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று.

கரடி

இலங்கைக் கரடி, தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் வாழும் கரிய கரடியின் இனமே ஆகும். வாசுதேவநல்லூர், குற்றாலம் போன்ற மலையடிவாரப் பகுதியினர் அறிந்த கரடியும் இதுவே. இலங்கையில் வாழ்வது சற்றுச் சிறிய, மயிர் குறைந்த துணையினம். கறையான், எறும்பு, தேன், பழங்கள் ஆகியவை இதன் உணவு. மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டு இல்லாமையால் உண்டாகும் இடைவெளி வழியே கறையானை உறிஞ்சி உண்ணும். ஐரோப்பிய அறிஞர் ஒருவர் 1791 இல் நீண்ட நகங்களைக் கண்டு இதனை அமெரிக்காவின் தேவாங்கு போன்ற மந்த விலங்கு ஒன்றன் இனமாகக் கருதிப் பெயரிட்டார். அப்பிழை ஆங்கிலப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மந்தம் என்பதற்கும் இவ்விலங்குக்கும் தொடர்பில்லை. காட்டில் தேன் எடுப்போரும் விறகு வெட்டுவோரும் யானையைவிடக் கரடிக்கே மிகுதியாக அஞ்சினர். யானையின் வரவைக் கிளை முறியும் ஓசை அறிவிக்கும். கரடியோ புற்றைத் தோண்டும் முனைப்பில் மனிதர் நெருங்குவதை அறியாது. திடீரென அருகில் ஆளைக் கண்டதும் ஓடுவதற்குப் பதிலாகப் பாய்ந்து முகத்தையும் தலையையும் நகங்களால் கிழிக்கும். பேக்கர் இலங்கையில் வாழ்ந்த காலத்திலேயே, 1850 இல், வட மாகாணத்தில் கடும் வறட்சி ஏற்பட்டது. அப்போது கரைச்சிப் பகுதியில் கரடிகள் தண்ணீர் தேடிக் கிணறுகளில் இறங்கி, வழுக்கும் மண்ணில் ஏற முடியாமல் உள்ளேயே கிடந்தன. பெண்கள் கிணற்றுக்குச் செல்வதே நின்றுபோயிற்று என அக்காலக் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். வேட்டையாளருக்குக் கரடி ஒரு விளையாட்டாக இருந்த அதே வேளையில் கரைச்சிப் பெண்களுக்கு அது குடிநீர்ச் சிக்கலாக இருந்தது.

யானை, எருமை, மரை ஆகியவற்றுடன் ஒப்பிட்டால் பேக்கரின் இலங்கை நூல்களில் கரடிக்குக் கிடைத்த இடம் சிறிது. வாய்வழி நிரப்பும் துப்பாக்கியுடன் கரடியை எதிர்கொள்வதில் உள்ள இடர் வேறு வகையானது. அதன் உடலை மூடிய நீண்ட கரிய மயிரால் நெஞ்சு எங்கு முடிகிறது, தோள் எங்கு தொடங்குகிறது என்று குறி பார்ப்பது கடினம். வைகறை, அந்தி ஆகிய மங்கல் வேளைகளிலேயே அது பெரும்பாலும் வெளிப்படும். முதற்குண்டு பிழைத்தால் மறுமுறை நிரப்ப வேண்டிய அரை நிமிடத்தைக் கரடி தராது. எனவே இரண்டாவது துப்பாக்கியுடன் அருகில் நிற்கும் துணையாளே வேட்டையாளரின் உயிருக்குக் காவல். அத்துணை இல்லாமல் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியுடன் காட்டுக்குள் சென்ற ஊரவர் கையில் கோடரியையும் வைத்திருந்தனர்.

பேக்கர் தம் முதுமையில், 1890 இல் வெளியிட்ட காட்டு விலங்குகள் பற்றிய இரண்டு தொகுதி நூலில்தான் கரடிகளைப் பற்றி விரிவாக எழுதினார். இந்தியாவின் மத்திய மாகாணங்களில் இக்கரிய கரடியையும், 1881 இல் அமெரிக்காவின் வயோமிங் பகுதி மலைகளில் அந்நாட்டுக் கரடிகளையும் வேட்டையாடிய அனுபவம் அதில் உள்ளது. தூண்டுதலின்றியே மனிதரைத் தாக்கக்கூடிய விலங்குகளின் வரிசையில் இந்தியக் கரடிக்கு அவர் முதன்மையான இடம் தருகிறார். அப்போது அவர் கையில் இருந்தது பின்புறம் தோட்டா இடும் புதுவகைத் துப்பாக்கி. ஓர் ஆளின் வாழ்நாளுக்குள்ளேயே படைக்கலம் அடியோடு மாறிவிட்டதை அந்நூல் காட்டுகிறது.

யானைகளின் அழிவு

பேக்கர் வந்து சேர்ந்த இலங்கையில் யானை பயிரை அழிக்கும் தொல்லை விலங்காகவே அரசால் கருதப்பட்டது. கொன்ற ஒவ்வொரு யானைக்கும் அரசு பரிசுப்பணம் வழங்கியது. 1848 க்கு முந்தைய மூன்றாண்டுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகளும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டன என டெனன்ட் எழுதுகிறார். பேக்கருக்கு முன்னரே பதுளையில் அரச அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவர் 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானைகளைக் கொன்ற பழி என்று மக்கள் அதனைப் பேசிக்கொண்டனர்.

இலங்கை ஆண் யானைகளுள் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகையால் இந்த வேட்டை தந்தத்துக்காக நிகழ்ந்தது என்றும் கூற இயலாது. பேக்கர் தாம் கொன்ற யானைகளின் இறைச்சியையோ தோலையோ பயன்படுத்தவும் இல்லை. பெரும்பாலும் வாலை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார். வெறும் எண்ணிக்கைக்காகக் கொல்பவரைக் கண்டிக்கும் அவரே, ஒரு மந்தையைக் குட்டிகளோடு சுட்டு வீழ்த்தியதையும் தயக்கமின்றி விவரிக்கிறார். இம்முரண்பாட்டை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் வேட்டையாடிய மலைநாட்டுச் சமவெளிகளில் இன்று யானை இல்லை. இலங்கையில் 2011 இல் நடந்த கணக்கெடுப்பில் தீவு முழுவதும் 5,879 காட்டு யானைகள் எண்ணப்பட்டன.

மறுபுறம், காடுகளில் திரிந்தபோது பேக்கர் கண்டது விலங்குகளை மட்டும் அன்று. பொலன்னறுவையின் இடிபாடுகளையும் தூர்ந்து கிடந்த பெருங்குளங்களையும் கண்டு, ஒரு காலத்தில் இங்கு நெல் விளைந்து மக்கள் நிறைந்திருந்தனர் என்பதை உணர்ந்தார். அக்குளங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று 1855 இல் வெளியான தம் இரண்டாவது இலங்கை நூலில் வலியுறுத்தினார்.

மனைவியின் மறைவும் பிளாரன்சும்

தொடர்ந்த காய்ச்சலால் உடல்நலம் குன்றிய பேக்கர் 1855 இல் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் திரும்பினார். நுவரெலியாப் பண்ணை ஜோனிடம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று பிரான்சின் பிரனீசு மலையடிவார ஊர் ஒன்றில் ஹென்றியேட்டா காய்ச்சலால் இறந்தார். பிறந்த ஏழு குழந்தைகளுள் நான்கு பெண்களே எஞ்சினர். அவர்களைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பேக்கர் மீண்டும் பயணத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 34.

1858 இன் இறுதியில், பஞ்சாபின் சீக்கிய அரசை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்துவந்த மகாராஜா துலீப் சிங்குடன் தன்யூப் ஆற்று வழியே வேட்டைக்குச் சென்றார். பயணத்தின் இடையே, அப்போது துருக்கிய ஆட்சியில் இருந்த விடின் நகரில் தங்க நேர்ந்தது. அங்கு அடிமையாக விற்கப்படவிருந்த இளம்பெண் ஒருத்தியைப் பேக்கர் மீட்டு அழைத்துச் சென்றார் என அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அங்கேரியப் புரட்சிக் காலத்தில் பெற்றோரை இழந்த அப்பெண்ணே பிளாரன்சு. பின்னர் இருவரும் கருங்கடற்கரையில் பேக்கர் மேற்பார்வையிட்ட தொடருந்துப் பாதை வேலையின்போது உடன் வாழ்ந்தனர். 1865 இல்தான் இலண்டனில் முறைப்படி மணம் செய்துகொண்டனர்.

நைல் பயணம்

ஏப்ரல் 1861 இல் இருவரும் கெய்ரோவிலிருந்து நைல் ஆற்றின் பிறப்பிடம் தேடிப் புறப்பட்டனர். முதல் ஓராண்டை அபிசீனிய எல்லையில் அத்பரா முதலிய கிளையாறுகளை ஆராய்வதிலும் அரபு மொழி கற்பதிலும் கழித்தனர். நைலின் வண்டலும் வெள்ளமும் அபிசீனிய ஆறுகளாலேயே வருகின்றன என்பதை இக்காலத்தில் பேக்கர் விளக்கினார். இங்கு ஹம்ரான் அரபியர் வாளை மட்டும் கொண்டு குதிரையில் சென்று யானையின் பின்னங்கால் நரம்பை வெட்டி வீழ்த்துவதைக் கண்டார். அவரிடமோ இலண்டன் ஹொலண்ட் நிறுவனத்தார் செய்த, அரை இறாத்தல் வெடிகுண்டைச் சுடும் வாய்வழி நிரப்பும் பெருந்துப்பாக்கி ஒன்று இருந்தது. அதற்குக் குழந்தை எனச் செல்லப்பெயர் இட்டிருந்தார். பீரங்கியின் பிள்ளை என்ற பொருளில் அரபியர் அதனை அழைத்தனர். சுடும்போது அது உதைக்கும் உதையில் பெருவலிமை கொண்ட பேக்கரே நிலைதடுமாறுவார் என்பதால் அதனை அரிதாகவே பயன்படுத்தினார்.

பெப்ரவரி 1863 இல் கொண்டகோரோ என்னுமிடத்தில், விக்டோரியா ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்பீக், கிரான்ட் ஆகிய இருவரையும் சந்தித்தனர். மேற்கே இன்னோர் ஏரி இருப்பதாக அவர்கள் கூறிய செய்தியைக் கொண்டு பயணம் தொடர்ந்தது. சுமைவிலங்குகள் மடிந்தன, பணியாளர் கலகம் செய்தனர், புனியோரோ நாட்டின் அரசர் கம்ராசி அவர்களைத் தடுத்து வைத்தார். வழியில் வெப்பத்தாக்குதலால் பிளாரன்சு பல நாட்கள் நினைவிழந்து கிடந்தார். இறந்துவிடுவார் என எண்ணிப் புதைகுழிக்கான ஆயத்தமும் நடந்தது. அவர் கண்விழித்தார். மார்ச் 14, 1864 அன்று இருவரும் ஏரியைக் கண்டனர். மறைந்த அல்பேர்ட் இளவரசரின் பெயரை அதற்கு இட்டனர். அவ்வேரியில் விழும் நைலின் அருவிக்கு மேர்ச்சிசன் அருவி எனப் பெயரிட்டதும் பேக்கரே. கரையில் வாழ்ந்த மக்கள் அறிந்திருந்த ஏரிக்கு வேற்று நாட்டு இளவரசர் ஒருவரின் பெயர் வந்து சேர்ந்தது.

நாடு திரும்பிய பேக்கருக்கு அரச புவியியல் கழகத்தின் பொற்பதக்கமும் 1866 இல் சேர் பட்டமும் கிடைத்தன. பிளாரன்சின் முன்வரலாறு காரணமாக விக்டோரியா அரசி அவரை அரசவையில் ஏற்க மறுத்தார்.

அடிமை வணிக ஒழிப்புப் படையெடுப்பு

1869 இல் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில், மேல் நைல் பகுதியில் அடிமை வணிகத்தை ஒழிக்கவும் அந்நிலத்தை எகிப்துடன் இணைக்கவும் பேக்கரை நான்கு ஆண்டுகளுக்குத் தலைவராக நியமித்தார். ஆண்டுக்கு 10,000 பவுண் ஊதியமும் பாஷா பட்டமும் வழங்கப்பட்டன. ஏறக்குறைய 1,700 படைவீரர்கள் உடன் சென்றனர். தெரிந்தெடுத்த மெய்க்காவலருக்கு நாற்பது திருடர்கள் என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். அவர்களுக்குப் பின்வழியே தோட்டா இடும் சினைடர் துப்பாக்கிகள் தரப்பட்டன. 1872 இல் புனியோரோவை இணைத்ததாக அறிவித்த சில வாரங்களில், கம்ராசியின் மகன் கபலேகாவின் படைகள் தாக்கியதால் மசிந்தியை விட்டுப் போரிட்டுக்கொண்டே பின்வாங்க நேர்ந்தது. சில நிலையங்களை நிறுவியதும் சில அடிமைக் கூட்டங்களை விடுவித்ததும் உண்மை, வணிகம் ஒழியவில்லை. ஒழிக்கச் சென்ற படையே ஊர்களை எரித்துத் தானியத்தைப் பறித்தது. 1873 இல் பேக்கர் விலகினார். அடுத்த ஆண்டு சார்ள்ஸ் கோர்டன் அப்பதவிக்கு வந்தார்.

இறுதிக்காலம்

டெவன் மாவட்டத்தில் நியூட்டன் அபட் அருகே ஒரு மாளிகையை வாங்கிய பேக்கர் எஞ்சிய ஆண்டுகளை அங்கு கழித்தார். குளிர்காலங்களில் எகிப்து, இந்தியா, சைப்பிரசு, அமெரிக்கா எனப் பிளாரன்சுடன் பயணங்கள் தொடர்ந்தன. சூடானுக்கு இறுதியாகப் புறப்படும் முன் 1884 சனவரியில் கோர்டன் இங்கு வந்து அவரைச் சந்தித்தார். டிசம்பர் 30, 1893 அன்று பேக்கர் தம் இல்லத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் வூஸ்டர் அருகே கிரிம்லியில் உள்ள குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. பிளாரன்சு 1916 வரை வாழ்ந்தார்.

இலங்கையில் ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் அருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சமவெளி 1988 இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. மரைகள் அங்கு மந்தைகளாக மேய்கின்றன. கரடி இலங்கையில் 1937 ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தாலும், இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் காக்கப்படுகிறது. யால, வில்பத்து ஆகிய தேசியப் பூங்காக்களில் பாலைப்பழம் பழுக்கும் மே முதல் ஜூலை வரையிலான மாதங்களில் அதனைக் காணும் வாய்ப்பு மிகுதி.